அவசரத்துக்கு நடுவே முக்கியமானதைக் காப்பாற்றுவது எப்படி: சின்ன வொர்க்‌ஷாப் நடத்துகிறவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

கோவையில் கணபதி, பீளமேடு பக்கம் நாலைந்து மெஷின் போட்டு ஜாப் ஒர்க் (மற்ற கம்பெனிகளுக்குக் கூலிக்கு உதிரிபாகம் செய்து தருவது) செய்கிறவர்களின் காலை எப்படி ஆரம்பிக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். பல வருடம் நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். ஷட்டரைத் தூக்குவதற்குள் போன் அடிக்கும். "அண்ணா, அந்த புஷ் இருபது பீஸ் மதியத்துக்குள்ள வேணுங்க." அங்கே தொடங்கி இரவு எட்டு மணி வரை யாராவது ஒருவருக்கு ஏதாவது ஒன்று உடனே வேண்டும். அன்று செய்ய நினைத்த வேலை மட்டும் நாளைக்குப் போகும். லேத்தின் ஆயில் லைன் அடைப்பு எடுப்பது, இரண்டு மாதமாக வராத பணத்தைக் கேட்பது, பையனுக்கு செட்டிங் (மெஷினில் பீஸையும் டூலையும் பொருத்தி அளவு வைப்பது) சொல்லிக்கொடுப்பது எல்லாம் அப்படிப் போனவைதான்.

புஷ் வேண்டும் என்றால் கேட்க ஒரு ஆள் இருக்கிறார். ஆயில் பம்பு போன் செய்யாது. அதனால்தான் அது எப்போதும் கடைசிக்குப் போகிறது. இந்த வழிகாட்டி முழுக்க, குரல் இல்லாத அந்த வேலைகளுக்கு ஒரு நேரமும் ஒரு ஆளும் ஏற்பாடு செய்வது பற்றித்தான்.

புதிதாகத் தொழில் தொடங்கிய சில தம்பிகளோடு உட்கார்ந்து இதைச் செய்துபார்த்தேன். எல்லோரும் ஒரே இடத்தில் தடுக்கினார்கள். முதல் நாளே டைம்டேபிள் போட்டார்கள், வியாழக்கிழமைக்குள் அது கலைந்தது, "நம்ம தொழிலுக்கு இதெல்லாம் ஒத்து வராதுங்க" என்று விட்டுவிட்டார்கள். டைம்டேபிள் ஐந்தாவது படி. அதற்கு முன் நான்கு வேலை இருக்கிறது. தயவுசெய்து வரிசையை மாற்றாதீர்கள்.

தொடங்கும் முன் தேவையானவை

ஒரு நீள நோட்டு, அதோடு கட்டிய ஒரு பேனா. போனில் குறித்துக்கொள்கிறேன் என்று சொல்லாதீர்கள். குறிக்கப் போனைத் திறந்தால் வாட்ஸ்ஆப்பில் நாலு பேர் காத்திருப்பார்கள், குறிக்க வந்தது மறந்துபோகும்.

மெஷினில் நிற்கிறவர்கள் கண்ணில் படும் இடத்தில் ஒரு ஒயிட் போர்டு. உங்கள் கேபினுக்குள் மாட்டினால் உங்களுக்கு மட்டும்தான் தெரியும். குறுக்கே வரும் அவசரத்தைத் தடுத்து நிறுத்த உங்களுக்கு உதவப் போவது வெளியே இருக்கும் ஆட்கள்.

சாதாரணமான மூன்று வாரம். மார்ச்சிலும் தீபாவளிக்கு முந்தைய மாதத்திலும் தொடங்க வேண்டாம். அந்த மாதங்களில் எந்தப் புதுப் பழக்கமும் நிற்காது. நீங்கள் முயற்சியைக் குறை சொல்வீர்கள், உண்மையில் மாதம்தான் தப்பு.

அப்புறம், வொர்க்‌ஷாப்பில் மூத்த ஆள் ஒருவரிடமும் வீட்டில் ஒருவரிடமும் என்ன செய்யப் போகிறீர்கள் என்று சொல்லிவிடுங்கள். காரணம் ஏழாவது படியில் வரும்.

1. ஒரு வாரம், வந்த அவசரத்தை எல்லாம் எழுதுங்கள்

இந்த வாரம் எதையும் மாற்ற வேண்டாம். வழக்கம்போல ஓடுங்கள். ஆனால் ஒவ்வொரு தடவை கையில் இருந்த வேலையை விட்டு எழுந்திருக்கும்போதும் நோட்டில் ஒரு வரி எழுதுங்கள். ஐந்து கட்டம் போதும்: மணி, கேட்டது யார், என்ன, எவ்வளவு நேரம் போனது, இது வரும் என்று எப்போது தெரிந்திருக்க முடியும்.

கடைசிக் கட்டம்தான் உயிர். பலர் அதை விட்டுவிடுகிறார்கள், ஏனென்றால் எழுதும்போது கொஞ்சம் சுருக்கென்று இருக்கும். "இன்செர்ட் (டூலில் மாட்டும் வெட்டு முனை) தீர்ந்துவிட்டது, காந்திபுரம் போய் வாங்கி வந்தேன், ஒன்றே கால் மணி நேரம்." எப்போது தெரிந்திருக்கும்? போன செவ்வாய்க்கிழமை, கடைசி டப்பாவைத் திறந்தபோதே. "கஸ்டமர் டிராயிங்கில் டாலரன்ஸ் (அனுமதிக்கும் அளவு வித்தியாசம்) மாற்றியிருந்தார், பத்து பீஸ் ரிஜெக்ஷன்." எப்போது தெரிந்திருக்கும்? டிராயிங் வந்த அன்று, பிரித்துப் படித்திருந்தால்.

ஏன் ஒரு முழு வாரம்? ஒரு நாள் எழுதினால் அன்றைக்கு நடந்தது மட்டும் தெரியும். திங்களுக்கு ஒரு குணம், சனிக்கிழமைக்கு வேறு குணம். சனிக்கிழமை மதியம் டெஸ்பாட்ச் நெருக்கடியும் சம்பள வேலையும் ஒன்றாக வரும். அது தெரியாமல் சனிக்கிழமை மதியத்துக்கு வேறு எதையாவது வைத்தீர்கள் என்றால் அது நடக்காது.

இரவில் உட்கார்ந்து ஞாபகத்திலிருந்து எழுதாதீர்கள். இரவில் ஞாபகம் இருப்பது சத்தமாக நடந்தவை மட்டும். ஐந்து ஐந்து நிமிடமாக உங்களை எழுப்பிவிட்ட இருபது விஷயங்கள் நோட்டில் ஏறாது, நேரத்தை அதிகம் தின்றவை அவைதான்.

2. மூன்று குவியலாகப் பிரியுங்கள்

ஞாயிற்றுக்கிழமை காலை நோட்டை எடுத்து ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் ஓர் எழுத்து போடுங்கள்.

"உ" என்றால் உண்மையான அவசரம். ஒருவர் கையில் அடிபட்டது, மெஷின் ஸ்பிண்டில் சூடேறிப் புகை வருகிறது, கஸ்டமரின் அசெம்பிளி லைன் நம் பீஸுக்காக நின்றுகொண்டிருக்கிறது. இதற்கு எழுந்து ஓடத்தான் வேண்டும், எந்த டைம்டேபிளும் குறுக்கே வரக்கூடாது.

"க" என்றால் கடன் வாங்கிய அவசரம். கஸ்டமர் கம்பெனியின் பர்ச்சேஸில் இருக்கும் பையன் பத்து நாள் முன்பே போட வேண்டிய ஆர்டரை இன்று போடுகிறார். அவருடைய தாமதம் நம்முடைய அவசரமாக மாறி வருகிறது.

"ந" என்றால் நாமே செய்த அவசரம். இன்செர்ட் தீர்ந்தது, கடைசி ராத்திரி ஜிஎஸ்டி, படிக்காத டிராயிங், காலிபரேஷன் (அளவு சரிபார்ப்பு) தேதி தாண்டிய மைக்ரோமீட்டர்.

நான் முதல் தடவை இதைச் செய்தபோது "உ" வரிகள் ஒரு கை விரலுக்குள் அடங்கின. எனக்கு அது பெரிய அதிர்ச்சி. கஸ்டமர்கள்தான் என்னைப் பாடாய்ப் படுத்துகிறார்கள் என்று வருடக்கணக்காக நம்பியிருந்தேன். பாதிக்கு மேல் "ந".

இங்கே ஒரு தப்பு அடிக்கடி நடக்கிறது. கோபமாகப் பேசிய கஸ்டமரின் வேலையை "உ" என்று போட்டுவிடுவது. குரல் உயர்ந்தால் அவசரம் உண்மையாகிவிடாது. லைன் நின்றதா, ஆள் ஆபத்தில் இருக்கிறாரா, இன்று செய்யாவிட்டால் திரும்பச் சரிசெய்ய முடியாத நஷ்டமா என்று மூன்றே கேள்வி. மூன்றுக்கும் இல்லை என்றால் அது "உ" இல்லை.

3. எது முக்கியம் என்று நாலே வரியில் எழுதுங்கள்

இப்போதுதான், அவசரங்களைப் பார்த்து முடித்த பிறகுதான், முக்கியமானதை எழுத வேண்டும். முன்பே எழுதியவர்கள் பெரிய பெரிய வார்த்தைகளாக எழுதினார்கள்: "தரம்", "வளர்ச்சி", "புது மெஷின்". ஒரு வார நோட்டைப் பார்த்தபின் எழுதுகிறவர் கையில் உண்மையான பெயர்கள் வருகின்றன.

கேட்க வேண்டிய கேள்வி இது: இந்த வேலையை ஆறு மாதம் தொடாமல் விட்டால் எது உடையும்? பெரும்பாலான ஜாப் ஒர்க் கடைகளில் பதில் நான்குதான். மெஷின் பராமரிப்பு. ரேட் சரியாக இருக்கிறதா என்று கணக்குப் பார்ப்பது. வர வேண்டிய பணத்தை வசூலிப்பது. நீங்கள் இல்லாதபோது செட்டிங் போடக்கூடிய இரண்டாவது ஆளைத் தயார் செய்வது.

நாலு வரிக்குக் கீழே ஐந்தாவதாக வீட்டு விஷயம் ஒன்றை எழுதுங்கள். ஒன்றே ஒன்று. இதை விளையாட்டாகச் சொல்லவில்லை. என் அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் செய்ய வேண்டியிருந்தது. ஒவ்வொரு மாதமும் ஒரு டெலிவரி, ஒரு டெலிவரி என்று எட்டு மாதம் தள்ளினேன். அந்த எட்டு மாதமும் அவர் சுவரைத் தடவித் தடவி நடந்தார். எந்தெந்த டெலிவரிக்காகத் தள்ளினேன் என்று இன்று யோசித்தால் ஒன்றுகூட ஞாபகம் வரவில்லை. அந்த வரி நோட்டில் இருந்திருந்தால் தள்ளியிருக்க மாட்டேன் என்று நினைக்கிறேன்.

எழுதியதை அப்படியே விடாதீர்கள். "மெஷின் பராமரிப்பு" என்பது வேலை இல்லை, தலைப்பு. முக்கால் மணி நேரத்தில் முடிகிற துண்டாக உடைக்க வேண்டும். "இரண்டாம் நம்பர் லேத் கூலன்ட் (வெட்டும்போது சூடு தணிக்கும் ஆயில் கலந்த தண்ணீர்) டேங்க்கைக் காலி செய்து கழுவுவது" என்பது வேலை. தலைப்பைப் பார்த்தால் எங்கே தொடங்குவது என்று தெரியாமல் போனை எடுப்போம். துண்டைப் பார்த்தால் வாளியை எடுப்போம்.

4. முதலில் "ந" குவியலைக் காலி செய்யுங்கள்

கஸ்டமரை மாற்றுவதற்கு முன் நம்முடையதைச் சரிசெய்ய வேண்டும். யார் சம்மதமும் தேவையில்லை, செலவும் அநேகமாக இல்லை. முக்கிய வேலைக்குத் தேவையான நேரம் இங்கிருந்துதான் கிடைக்கப் போகிறது. இந்தப் படியைத் தாண்டியவர்கள் தூக்கத்திலிருந்து நேரத்தை எடுத்தார்கள், மூன்றாம் வாரம் படுத்துவிட்டார்கள்.

தேதி தெரிந்த வேலைகள். மாதாமாதம் கணக்குத் தாக்கல் செய்கிறவர்களுக்கு ஜிஎஸ்டிஆர்-1 (விற்பனை பில் விவரம்) அடுத்த மாதம் 11ஆம் தேதி, ஜிஎஸ்டிஆர்-3பி (வரி கட்டும் சுருக்கக் கணக்கு) 20ஆம் தேதி. டிடிஎஸ் பிடித்தால் 7ஆம் தேதி கட்ட வேண்டும். ஆட்கள் எண்ணிக்கையால் பிஎஃப், இஎஸ்ஐ பொருந்துகிறவர்களுக்கு 15ஆம் தேதி. இவற்றை போர்டில் எழுதும்போது சட்டத் தேதியை எழுதாதீர்கள். நான்கு நாள் முன்னால் உங்கள் தேதியை எழுதுங்கள். 11க்குப் பதில் 7. ஆடிட்டர் ஆபீஸில் 10ஆம் தேதி எல்லோருடைய பில்லும் ஒன்றாக வந்து விழும், உங்களுடையதில் தப்பு இருந்தால் திரும்பக் கேட்க அவர்களுக்கு நேரம் இருக்காது.

இதற்கு இன்னொரு காரணம் பலருக்குத் தெரிவதில்லை. நீங்கள் ஜிஎஸ்டிஆர்-1 தாமதமாகப் போட்டால், 14ஆம் தேதி கஸ்டமருக்கு உருவாகும் ஜிஎஸ்டிஆர்-2பி என்ற வரி வரவுப் பட்டியலில் உங்கள் பில் தெரியாது. அவருக்கு அந்த மாதம் வரி வரவு கிடைக்காது. "உங்க பில் காட்டலீங்க" என்று உங்கள் பணத்தை நிறுத்தி வைப்பார். நாலு நாள் சோம்பல், ஒரு மாத வசூல் தள்ளிப்போகும்.

தீரக்கூடிய பொருள்கள். அடிக்கடி பயன்படுத்தும் இன்செர்ட், டிரில், கட்டிங் ஆயில் ஒவ்வொன்றிலும் இரண்டு டப்பா வையுங்கள். முதல் டப்பா காலியானதும் காலி டப்பா உங்கள் மேஜைக்கு வர வேண்டும். மேஜையில் காலி டப்பா இருந்தால் இன்று ஆர்டர். ரிஜிஸ்டர், கம்ப்யூட்டர் எதுவும் வேண்டாம். ஸ்டாக் ரிஜிஸ்டர் போட்ட கடைகளில் ரிஜிஸ்டர் எழுதுவதே ஒரு அவசர வேலையாக மாறியதைப் பார்த்திருக்கிறேன்.

தீபாவளி போனஸ். வருடா வருடம் வரும் என்று பன்னிரண்டு மாதம் முன்பே தெரியும், ஆனாலும் ஐப்பசி பிறந்ததும் ஓட்டம், கைமாற்று, வட்டி. சம்பளம் போடும் ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒரு தொகையைத் தனிக் கணக்கில் போட்டுவிடுங்கள். போனஸ் மொத்தத்தை ஐம்பதால் வகுத்தால் வாரத் தொகை வந்துவிடும்.

டிராயிங். புது டிராயிங் வந்தால் அன்றே பத்து நிமிடம் படித்து, சந்தேகத்தைப் பென்சிலில் வட்டம் போட்டு, அன்றே கேட்டுவிடுங்கள். மெஷினில் ஏற்றும் நாளில் கேட்டால் அது அவசரம். வந்த நாளில் கேட்டால் வெறும் கேள்வி.

இந்தப் படிக்கு மட்டும் இரண்டு வாரம் கொடுங்கள். அவசரப்பட்டு அடுத்ததற்குப் போக வேண்டாம்.

5. முக்கிய வேலை ஒவ்வொன்றுக்கும் அதற்கு ஏற்ற நேரம்

இப்போது டைம்டேபிள். "முக்கியமானதைக் காலையில் முதலில் செய்" என்று எல்லோரும் சொல்வார்கள். வொர்க்‌ஷாப்பில் அது பாதிதான் சரி. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு குணம் உண்டு, அதைப் பார்த்து நேரம் குறிக்க வேண்டும்.

ரேட் கணக்கு: காலை, போன் தொடங்கும் முன். இதற்கு அமைதி வேண்டும். எட்டரைக்கு ஷிஃப்ட் என்றால் ஏழே முக்காலுக்கு வாருங்கள், வாரம் ஒரு நாள் போதும், போன் வண்டியிலேயே இருக்கட்டும். ஒரு வாரத்துக்கு ஒரு மெஷினின் மணி ரேட்டைச் சரிபாருங்கள். உதாரணத்துக்கு ஒரு சிஎன்சி (கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் ஓடும்) மெஷினுக்கு மாதம் இஎம்ஐ 35,000, ஆபரேட்டர் சம்பளம் 20,000, கரண்ட் 8,000, வாடகைப் பங்கு 6,000, இன்செர்ட்டும் கூலன்ட்டும் 7,000, இதர செலவு 4,000 என்று வையுங்கள். மொத்தம் 80,000 ரூபாய். 26 நாள், 8 மணி நேரம் என்று 208ஆல் வகுத்தால் மணிக்கு 385 ரூபாய் வரும். ஆனால் செட்டிங், பவர் கட், ஆள் வராத நாள் எல்லாம் போக மெஷின் உண்மையில் பீஸ் வெட்டியது 150 மணி நேரம் என்றால் அடக்கமே 533 ரூபாய். 450 ரூபாய்க்கு வேலை எடுத்துக்கொண்டு லாபம் என்று நினைத்துக்கொண்டிருப்போம். எவ்வளவு ஓடினாலும் கையில் நிற்காததற்குப் பல கடைகளில் இதுதான் காரணம். ஓட்டம் அதிகமாக அதிகமாக இதை உட்கார்ந்து பார்க்க நேரமில்லாமல் போகிறது, நேரமில்லாமல் போவதால் இன்னும் ஓட வேண்டியிருக்கிறது.

வசூல்: புதன்கிழமை பதினொரு மணி. காலை ஏழே முக்காலுக்கு யாரும் பணம் தர மாட்டார்கள். கம்பெனிகளின் அக்கவுன்ட்ஸ் ஆட்கள் வந்து, டீ குடித்து, மேஜையில் இருக்கும் நேரம் பதினொன்று. திங்கள் அவர்களுக்கு நெருக்கடி, சனிக்கிழமை கேட்டால் திங்கள் என்பார்கள்.

வசூலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் பயத்தால் அதிகம் தள்ளிப்போகும் வேலை இது. கேட்டால் அடுத்த ஆர்டர் போய்விடுமோ என்ற பயம். போன் செய்வதற்கு முன் மூன்று விஷயம் கையில் இருக்க வேண்டும்: பில் நம்பர், பொருளை அவர்கள் ஏற்றுக்கொண்ட தேதி, டெலிவரி சலானில் அவர்கள் கையெழுத்து. அது இல்லாமல் கேட்டால் "பார்த்துச் சொல்றேங்க" என்பதோடு முடிந்துவிடும்.

சிறு நிறுவனங்களுக்கான அரசின் உத்யம் பதிவு இல்லை என்றால் இந்த வாரமே செய்யுங்கள், கட்டணம் கிடையாது. பதிவு எண்ணைப் பில்லில் அச்சடியுங்கள். 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டப்படி குறு, சிறு நிறுவனத்துக்குப் பணம் தர, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாள், இல்லை என்றால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கில், மாதாமாதம் கூட்டு வட்டி தர வேண்டும். 2024 ஏப்ரல் முதல் வருமான வரியிலும் இது சேர்ந்துவிட்டது: கெடுவுக்குள் தராத தொகையை, உண்மையில் பணம் தரும் வருடத்தில்தான் வாங்கியவர் செலவாகக் காட்ட முடியும். அதனால் பெரிய கம்பெனி அக்கவுன்டன்ட்கள் மார்ச்சில் உங்கள் உத்யம் எண்ணைத் தாங்களே கேட்கிறார்கள். அரசின் இணையதளத்தில் புகார் கொடுக்கலாம், ஆனால் அதைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். வாராவாரம் ஒரே நாளில், ஒரே மணிக்கு, மரியாதையாகக் கேட்கிறவருக்கு முதலில் பணம் வருகிறது. மூன்று மாதம் பேசாமல் இருந்துவிட்டு ஒரு நாள் கத்துகிறவருக்கு வருவதில்லை.

மெஷின் பராமரிப்பு: இரண்டு அளவில். தினமும் ஷிஃப்ட் முடிய பத்து நிமிடம் ஆபரேட்டர் கையில்: சிப்ஸ் தள்ளுவது, ஸ்லைடுவே (மெஷின் பாகங்கள் நகரும் தடம்) துடைத்து ஆயில் இடுவது, லூப் ஆயில் அளவு பார்ப்பது. வாரம் ஒரு மெஷினுக்கு ஒரு மணி நேரம் உங்கள் கண் முன்னால். ஆயுத பூஜைக்கு மட்டும் கழுவிப் பொட்டு வைக்கிற மெஷின், நடுவில் மற்ற மாதங்களில் யாரும் தொடாமல்தான் பிரேக்டவுன் ஆகிறது. கூலன்ட்டில் ஒரு குறிப்பு: தண்ணீரில் ஆயிலை ஊற்ற வேண்டும், ஆயிலில் தண்ணீரை அல்ல, இல்லாவிட்டால் சரியாகக் கலக்காது. பொதுவாக 100 லிட்டருக்கு 5 முதல் 8 லிட்டர், டப்பாவில் போட்டிருப்பதைப் பின்பற்றுங்கள். வெயில் காலத்தில் தண்ணீர் ஆவியாகிக் கலவை கெட்டியாகும், அப்போது லேசான கலவையால் நிரப்புங்கள்.

இரண்டாவது ஆள்: இதற்குத் தனி நேரம் வைக்காதீர்கள், நடக்காது. அடுத்த ஜாப் ஏற்றும்போது நீங்கள் கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள், அவர் செட்டிங் போடட்டும். ஒரு மணி நேரத்தில் முடிவது இரண்டு மணி நேரம் ஆகும். அந்த ஒரு மணி நேரம்தான் பயிற்சிச் செலவு.

6. அவசரம் வரும் வாசலில் நாலு கேள்வி

இப்போது "க" குவியல். முடியாது என்று சொல்லச் சொல்லவில்லை. ஜாப் ஒர்க்கில் அப்படிச் சொல்லிப் பிழைக்க முடியாது. சரி என்று சொல்வதற்கு முன் கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

"அண்ணா, அம்பது ஃபிளேஞ்ச் நாளைக்குக் காலைல வேணுங்க. ரொம்ப அர்ஜென்ட்."

"சொல்லுங்க தம்பி. அசெம்பிளிக்கு எப்ப எடுப்பீங்க?"

"நாளைக்கு மதியமுங்க."

"ஒரு நாளைக்கு எத்தனை பம்பு போடுவீங்க?"

"பதினஞ்சு ஆகுமுங்ணா."

"அப்ப நாளைக்குப் பதினோரு மணிக்கு இருபது பீஸ் தந்துடறேன். மீதி முப்பது நாளன்னைக்கு. மெஷின்ல உங்க ஷாஃப்ட்தான் ஓடிட்டு இருக்குது, அதை இறக்கித்தான் இதைப் போடணும். ஷாஃப்ட் ஒரு நாள் தள்ளிப் போகும், பரவால்லீங்களா?"

"அய்யோ, ஷாஃப்ட்டும் வேணுமேங்ணா. இருங்க, மேனேஜரைக் கேட்டுட்டுக் கூப்பிடறேன்."

எப்போது உண்மையில் தேவை, முதலில் எத்தனை போதும், எந்த வேலையைத் தள்ளலாம், கூடுதல் செலவு யாருடையது. நாலாவது கேள்வி இந்தப் பேச்சில் வரவில்லை, மேனேஜர் திரும்பக் கூப்பிடும்போது வரும். ஓடுகிற ஜாப்பை நடுவில் இறக்கினால் சாஃப்ட் ஜா போரிங் (பீஸைப் பிடிக்கும் ஜாவைக் கடைவது), டூல் ஆஃப்செட் (டூலின் அளவைப் பதிவது), முதல் பீஸ் சோதனை எல்லாம் இரண்டு முறை. அந்த செட்டிங் கூலியைப் பில்லில் தனி வரியாகக் காட்டுங்கள். மொத்தத்தில் மறைத்து ஏற்றினால் ரேட் ஜாஸ்தி என்பார்கள், தனியாகக் காட்டினால் அடுத்த முறை முன்கூட்டியே ஆர்டர் போடுவார்கள்.

இந்தப் படியை முதலிலேயே செய்தவர்கள் மாட்டிக்கொண்டார்கள். நம் டெலிவரியே நாலு நாள் தாமதமாகப் போய்க்கொண்டிருக்கும்போது கஸ்டமரிடம் கேள்வி கேட்க நமக்கு முகம் இருக்காது. நாலாவது படி முடிந்து, சொன்ன தேதிக்குப் பொருள் போகத் தொடங்கிய பிறகு கேட்டால் மதிப்பார்கள்.

7. காவலுக்கு ஒரு ஆள்

முக்கிய வேலைக்கு ஒதுக்கிய நேரத்தை நீங்களே காக்க முடியாது. மூத்த ஆளிடம் சொல்லுங்கள்: புதன் பதினொன்று முதல் பன்னிரண்டு வரை என் போன் உங்களிடம். "உ" என்றால் கூப்பிடுங்கள், மற்றதை நோட்டில் எழுதி வையுங்கள். அவருக்கு எது "உ" என்று தெரிந்திருக்க வேண்டும், அதனால் இரண்டாவது படியின் மூன்று கேள்வியையும் போர்டில் எழுதி வையுங்கள். வீட்டு வரிக்கு வீட்டில் இருப்பவர் காவல். "அம்மா ஆபரேஷன் தேதி" என்று காலண்டரில் எழுதி, அதை மாற்றும் உரிமையை உங்கள் மனைவியிடம் கொடுத்துவிடுங்கள்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் காவலை வைத்துவிட்டு, பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை எட்டிப் பார்த்து "யாராவது கூப்பிட்டாங்களா?" என்று கேட்கிறார்கள். இரண்டு வாரம் பல்லைக் கடித்துக்கொள்ளுங்கள். திரும்பிக் கூப்பிட்டால் பாதிப் பேர் "அது முடிஞ்சுதுங்க" என்று சொல்வதை நீங்களே கேட்பீர்கள்.

8. வாரம் கவிழ்ந்தால்

கவிழும். ஆள் ஊருக்குப் போவார், மெஷினின் எலக்ட்ரானிக் போர்டு பழுதாகும், யாருக்காவது காய்ச்சல் வரும். அப்போது விட்டுப்போன நாலு வேலையையும் அடுத்த வாரத்தில் சேர்த்து ஏற்றாதீர்கள். ஏற்றினால் அடுத்த வாரமும் கவிழும். விட்டதை விட்டுவிட்டு, இந்த வாரத்துக்கு உரியதில் மிகச் சின்னத் துண்டை மட்டும் செய்யுங்கள். வசூலுக்கு ஒரு மணி நேரம் கிடைக்கவில்லை என்றால் பழைய பில் ஒன்றுக்கு ஒரே ஒரு போன். பராமரிப்புக்கு நேரமில்லை என்றால் ஸ்லைடுவேயில் ஆயில் மட்டும். மார்ச்சிலும் தீபாவளி மாதத்திலும் வேண்டுமென்றே இந்தச் சின்ன அளவுக்கு இறங்கிவிடுங்கள்.

9. சனிக்கிழமை இருபது நிமிடம்

சம்பளம் கொடுத்து முடித்து, ஆட்கள் கிளம்பிய பின் நோட்டைத் திறங்கள். ஐந்து வரியில் எவை நடந்தன, எவை நடக்கவில்லை என்று மட்டும் குறியுங்கள். நடக்காத வரிக்கு எதிரே அந்த நேரத்தை எது எடுத்துக்கொண்டது என்று எழுதுங்கள். ஒரே பெயர் மூன்று வாரம் வந்தால் அங்கே ஏதோ பழுது இருக்கிறது. ஒரு கஸ்டமரின் பெயரானால் ஆறாவது படி, ஒரு பொருளின் பெயரானால் நாலாவது படி, உங்கள் பெயரே வந்தால் நேரம் தப்பாக வைத்திருக்கிறீர்கள், மாற்றுங்கள்.

மூன்று மாதம் கழித்து, மறுபடியும் ஒரு முழு வாரம் ஐந்து கட்டத்தையும் எழுதுங்கள், அதே நோட்டில், முதல் வாரத்துக்கு எதிர்ப் பக்கத்தில். கடைசிக் கட்டத்தை மட்டும் இரண்டு பக்கமும் ஒப்பிட்டுப் பாருங்கள். இன்னும் "போன செவ்வாய்க்கிழமையே தெரிந்திருக்கும்" என்று வருகிற வரிகளை வட்டம் போட்டு, திங்கள் காலை நாலாவது படியிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.